துருவன் ஏறிய பள்ளி மேடை

ஸ்ரீமத் ராமாயணத்தின் உத்தர காண்டத்தில் ஓர் அரிய காட்சி உண்டு. நைமிசாரண்யத்தில் ஸ்ரீராமபிரான் அசுவமேத யாகம் நடத்துகிறார். அப்பொழுது வால்மீகி முனிவர் தம் சீடர்களான குசனையும் லவனையும் அழைத்து, தாம் இயற்றிய காவியத்தை அங்கே சென்று பாடுமாறு பணிக்கிறார். எப்படிப் பாட வேண்டும் என்பதற்கும் அறிவுரை கூறுகிறார். முனிவர்களின் குடில்களின் முன்பும், வீதிகளிலும், அரசரின் வாயிலிலும் பாடுங்கள்; களைப்புத் தோன்றாதிருக்க இந்தக் கனிகளை உண்ணுங்கள்; நாளொன்றுக்கு 20 சர்க்கங்கள் பாடுங்கள்; பொருளுக்கு ஆசைப்படாதீர்கள்; அரசரிடம் பணிவோடு இருங்கள்; யார் பிள்ளைகள் என்று கேட்டால் வால்மீகியின் சீடர்கள் என்று சொல்லுங்கள் என்பன அவர் கூறியவை.

சபையில் அவர்கள் பாடுகிறார்கள். தம் கதையைத் தம் புதல்வர்களே பாடுகிறார்கள் என்பதை அறியாமல் இராமபிரான் கேட்கிறார். மனம் மகிழ்ந்து 18,000 பொற்காசுகளை அளிக்கச் சொல்கிறார். காயும் கனியும் உண்டு வனத்தில் வாழும் எங்களுக்குப் பொன் எதற்கு என்று சிறுவர்கள் மறுத்துவிடுகிறார்கள். பாடகரையும் நடிகரையும் குறிக்கும் 'குசீலவர்' என்னும் வடசொல், இவ்விருவரின் பெயரையும் நமக்கு நினைவூட்டுகிறது.

பள்ளி ஆண்டு விழாவுக்கு நாடகம் பழக்கும் ஆசிரியர் எவரும் வால்மீகியின் அறிவுரைகளில் எதையும் விட்டுவிட இயலாது. பிள்ளைகளின் உணவு, ஒரு நாளில் அவர்களால் தாங்கக்கூடிய அளவு, அவையில் பணிவு, பணத்தைப் பற்றிய தெளிவு ஆகிய நான்கும் இன்றைக்கும் அப்படியே பொருந்தும். இவற்றுள் கடைசியாகச் சொன்ன பணத்தைப் பற்றியே இவ்வாரம் எழுத விரும்புகிறேன். முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் பேரேடுகளோடு வாழ்ந்தவன், நாடகத்தைப் பற்றி எழுதினாலும் கணக்கில்தான் வந்து நிற்பான் என்று வாசக அன்பர்கள் புன்னகைக்கலாம்.

பிள்ளைப் பருவத்தில் காணும் நாடகம் ஒருவரின் வாழ்வையே மாற்றும் என்பதற்கு மகாத்மா காந்தியின் சுயசரிதையைவிடச் சான்று வேண்டுவதில்லை. சிறுவராயிருந்தபோது, தந்தையின் அனுமதி பெற்று, அரிச்சந்திரன் நாடகத்தைப் பார்த்ததாக அவர் எழுதுகிறார். அதை மீண்டும் மீண்டும் பார்க்கத் தோன்றிற்று என்றும், தமக்குள்ளேயே எண்ணற்ற முறை அரிச்சந்திரனாக நடித்துப் பார்த்ததாகவும் கூறுகிறார். பார்த்த பிள்ளைக்கே இத்தனை ஆழமாகப் பதியுமானால், வேடமிட்டு நடிக்கும் பிள்ளைக்கு எவ்வளவு பதியும்?

நம் தமிழகத்தில் பிள்ளைகள் நடித்த நாடகத்துக்கு ஒரு பெருங்கதையே உண்டு. தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகள் 1918-ஆம் ஆண்டு மதுரையில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா' என்னும் நாடகக் குழுவைத் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் அதில் சேர்ந்தபோது, பின்னாளில் 'அவ்வை' சண்முகம் என்று புகழ்பெற்ற டி.கே. சண்முகத்துக்கு வயது ஆறு. அவருக்கென்று 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று சொல்வார்கள். நவாப் ராஜமாணிக்கம் நடத்திய தேவி பால வினோத சங்கீத சபாவும் பிள்ளைகளைக் கொண்டு புகழ்பெற்றதே. 'பக்த ராமதாஸ்' நாடகத்தில் நவாபாக நடித்ததால் அவருக்கு அப்பெயர் நிலைத்தது. அவருடைய 'சபரிமலை ஐயப்பன்' நாடகம், ஐயப்ப வழிபாடு தமிழகமெங்கும் பரவுவதற்குத் துணைநின்றது. இன்று மாலையணிந்து இருமுடி சுமக்கும் பலரின் பாட்டனார்கள், ஐயப்பனின் கதையை முதன்முதலில் அந்த மேடையில்தான் அறிந்திருப்பார்கள்.

இந்தப் பாய்ஸ் கம்பெனிகளில் பிள்ளைகள் சேர்ந்தது கலையார்வத்தால் மட்டுமன்று. பெரும்பாலான பிள்ளைகள் வறுமையின் காரணமாகவே கொண்டுவந்து விடப்பட்டார்கள். தந்தையை இழந்த நிலையில் எம்.ஜி.ஆரும் அவருடைய தமையனார் சக்கரபாணியும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்தது அனைவரும் அறிந்ததே. அங்கே கடும் பயிற்சி உண்டு, அடியும் உண்டு. வீட்டைப் பிரிந்த ஏக்கம் உண்டு. பள்ளிப் படிப்பு இல்லை. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நாம் யாரும் விரும்பமாட்டோம். ஆனால் ஒன்று எண்ணத்தக்கது. அன்று ஏழைப் பிள்ளைக்கு மேடை சோறு போட்டது. இன்று ஏழைப் பிள்ளை மேடையேற வேண்டுமென்றால் பணம் கட்ட வேண்டியிருக்கிறது.

இதை நான் நேரில் கண்டேன். எங்கள் பகுதியில் உள்ள ஒரு பள்ளியில், ஆண்டு விழாவுக்காகத் துருவ சரித்திரத்தை நாடகமாக்கினார்கள். தமிழாசிரியை ஒருவர் பொறுப்பேற்றிருந்தார். புராணப் பகுதிகளைச் சரிபார்த்துத் தரவும், ஒத்திகையின்போது உடனிருக்கவும் என்னையும், எங்கள் காலைப் பஜனைக் குழுவைச் சேர்ந்த வேறு இரண்டு முதியவர்களையும் அழைத்திருந்தார்.

துருவனின் கதை ஸ்ரீமத் பாகவதத்தின் நான்காம் ஸ்கந்தத்தில் வருவது. உத்தானபாத மன்னனுக்குச் சுநீதி, சுருசி என இரு தேவியர். சுருசியின் மகன் உத்தமன் தந்தையின் மடியில் அமர்ந்திருக்கிறான். ஐந்து வயதுத் துருவனும் ஏற முயல்கிறான். என் வயிற்றில் பிறக்காத உனக்கு அந்த இடம் கிடையாது என்று சிற்றன்னை தடுத்துவிடுகிறாள். அழுதுகொண்டு வந்த பிள்ளையிடம் சுநீதி, அவளை ஏசாமல், நாராயணனைச் சரணடையச் சொல்லி அனுப்புகிறாள். வழியில் நாரதர் பன்னிரண்டெழுத்து மந்திரத்தை உபதேசிக்கிறார். யமுனைக் கரையில் மதுவனத்தில் ஆறு மாதம் தவமிருந்து பிள்ளை இறைவனைக் காண்கிறான்.

ஒத்திகை தொடங்கியதும் முதலில் எழுந்த கேள்வி குரலைப் பற்றியது. இக்காலத்துப் பள்ளி நாடகங்களில் வசனங்களை முன்கூட்டியே பதிவு செய்து ஒலிபரப்பிவிட்டு, பிள்ளைகளை வாயசைக்கச் செய்வது வழக்கமாகிவிட்டது. மறதிக்கு இடமில்லை, கடைசி வரிசை வரை கேட்கும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். ஆசிரியைக்கும் அந்த எண்ணம் இருந்தது. நான் பாகவதத்தில் உள்ள ஒரு செய்தியை அவரிடம் கூறினேன். இறைவன் எதிரில் வந்து நின்றபோது, துருவனுக்குத் துதிக்க ஆவல் இருந்தும் சொல் வரவில்லை. அதையறிந்த பெருமான் தம் சங்கினால் அவனுடைய கன்னத்தைத் தொடுகிறார். உடனே பிள்ளை வாய் திறந்து துதிக்கிறான். "பகவானே பிள்ளைக்குப் பேச்சைக் கொடுக்கிற கதையம்மா இது. இதில் போய்ப் பிள்ளையின் வாயை மூடலாமா?" என்றேன். ஆசிரியை சிரித்துவிட்டார். "சரிங்க ஐயா. ஆனால் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டியது உங்கள் பொறுப்பு" என்றார்.

அதற்கு ஒரு வழி கண்டோம். பள்ளி மைதானத்தின் கோடியில் ஒரு வேப்பமரம் உண்டு. எங்களுள் ஒருவர் அதனடியில் நாற்காலி போட்டு அமர்ந்துகொள்வார். சொன்ன வசனம் காதில் விழுந்தால் கையை உயர்த்துவார்; விழாவிட்டால் கையை உயர்த்தமாட்டார். கத்தக் கூடாது, சொல்லின் கடைசி எழுத்தை விழுங்காமல், மூச்சை நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். பத்தே நாட்களில் பிள்ளைகளின் குரல் வேப்பமரத்தை எட்டியது. எழுபது வயதைத் தாண்டிய காதுகளுக்குக் கேட்டால் எவருக்கும் கேட்கும் என்று பிள்ளைகளே சொல்லிச் சிரித்தார்கள்.

இரண்டாவதாக எழுந்ததுதான் பணக் கேள்வி. 22 பிள்ளைகளுக்கு உடையும் நகையும் கிரீடமும் வாடகைக்கு எடுப்பதென்றும், பிள்ளைக்கு 750 ரூபாய் வீதம் பெற்றோரிடம் வாங்குவதென்றும் பள்ளியில் முடிவு செய்திருந்தார்கள். துருவனுக்கு மட்டும் இளவரசன் உடை, தவக்கோலம் என இரண்டு வேடம் இருந்ததால் 1,500 ரூபாய். மொத்தம் 17,250 ரூபாய். துருவனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த பிள்ளை மிகத் தெளிவாகப் பேசுபவன். தகப்பனார் கட்டட வேலை செய்கிறவர். சீட்டு வீட்டுக்குப் போன மறுநாளிலிருந்து பிள்ளை ஒத்திகைக்கு வரவில்லை. வகுப்புக்கு வந்தான், மாலையில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். மூன்று நாட்கள் இப்படியே கழிந்தன.

ஆசிரியை நல்லவர். நேரே வீட்டுக்குச் சென்று, நீங்கள் பணம் கட்ட வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று தாயிடம் சொல்லியிருக்கிறார். அந்த அம்மாள் இசையவில்லை. "மத்தப் பிள்ளைங்க எல்லாம் பணம் குடுக்கும்போது எம்புள்ள மட்டும் ஓசியில போட்டுக்கிட்டு நின்னா, நாளைக்கு யாராவது சொல்லிக் காட்டமாட்டாங்களா டீச்சர்? அவனுக்கு வேற பிள்ளையப் போட்டுக்குங்க" என்று கும்பிட்டுவிட்டாராம்.

இதை ஆசிரியை எங்களிடம் சொன்னபோது, சற்று நேரம் யாரும் பேசவில்லை. 1,500 ரூபாயை எங்களுள் எவரும் கொடுத்திருக்க முடியும். ஆனால் அந்தத் தாய் பணத்தைப் பற்றிப் பேசவில்லை. பிள்ளையின் மானத்தைப் பற்றிப் பேசினார். தந்தையின் மடியில் இடமில்லை என்று தள்ளப்பட்ட பிள்ளையின் கதையை நடிக்கப்போகிறோம். அந்த நாடகத்திலேயே ஒரு பிள்ளைக்கு இடமில்லை என்று சொன்னால், பார்ப்பவர்களுக்கு நாம் எதைச் சொல்லித் தருவோம்? ஒருவனுக்கு மட்டும் சலுகை கொடுத்தால் அவன் தனித்து நிற்பான். ஆகவே எவரிடமும் பணம் வாங்கக் கூடாது என்பதே வழி என்று முடிவுக்கு வந்தோம். தலைமையாசிரியரிடம் சென்று பேசினோம்.

அவருக்கு முதலில் தயக்கம். சிறப்பு விருந்தினர் வரும் நாளில் மேடை எளிமையாகத் தோன்றினால் பள்ளிக்கு மதிப்புக் குறையுமோ என்று அஞ்சினார். பெற்றோர் கூட்டத்திலும் எதிர்ப்பு இருந்தது. "வருஷத்துக்கு ஒரு தடவைதானே சார், போட்டோவில் பார்க்க நன்றாக இருக்க வேண்டாமா?" என்று ஒருவர் கேட்டார். அவர் கேட்டதிலும் நியாயம் உண்டு. தம் பிள்ளையை அழகாகப் பார்க்க விரும்புவது குற்றமன்று. அதற்கு விடை ஒரு பாட்டியாரிடமிருந்து வந்தது. "என் கல்யாணக் கூறைப்புடவை பெட்டியில் தூங்குகிறது. சுருசி ராணிக்கு அதைக் கட்டிவிடுங்கள். வாடகைப் புடவையைவிட நன்றாகவே இருக்கும்" என்றார். அடுத்தடுத்துப் பலரும் வீட்டில் இருப்பவற்றைச் சொல்லத் தொடங்கினார்கள்.

அடுத்த இரண்டு வாரங்கள் பள்ளியின் ஓர் அறை தையற்கூடம் போலாயிற்று. பழைய பட்டு வேட்டிகளின் சரிகைக் கரை இளவரசர்களின் அங்கவஸ்திரமாயிற்று. துண்டுகளைக் காவியில் நனைத்துத் தவக்கோலம் தயாராயிற்று. பிள்ளைகளே அட்டையை வெட்டி, ஜிகினாத் தாள் ஒட்டிக் கிரீடங்கள் செய்தார்கள். மதுவனத்து மரங்களாக நிற்கும் பிள்ளைகள் உண்மையான மாவிலைக் கொத்துகளையே கையில் பிடித்தார்கள். செலவுக் கணக்கை நான் எழுதிவைத்தேன். அட்டை, தாள், பசைக்கு 620 ரூபாய், காவிக்கு 90, முகப்பூச்சுக்கு 700, மாலைகளுக்கு 400, ஆக மொத்தம் 1,810 ரூபாய். அறையின் மூலையில் ஓர் உண்டியல் வைத்தோம். யார் எவ்வளவு போட்டார்கள் என்று எழுதவில்லை. என் வாழ்நாளில் பெயரில்லாமல் நான் பராமரித்த வரவுக் கணக்கு அது ஒன்றுதான். செலவுபோக மீதம் இருந்தது. அதில் பிள்ளைகளுக்கு ஒத்திகை நாட்களில் சுண்டல் வாங்கினோம்.

துருவன் திரும்பி வந்தான். வயிற்றுவலியைப் பற்றி யாரும் அவனிடம் கேட்கவில்லை. கிரீடத்துக்கு ஜிகினா ஒட்டும் வேலையை ஆசிரியை அவனிடம் கொடுத்தார். மற்றப் பிள்ளைகளின் கிரீடங்களையும் அவனே ஒட்டி முடித்தான்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று எழுத ஆசைதான். ஆனால் வாடகை உடை இல்லையென்றதும் ஒரு பெற்றோர் தம் மகளை நாடகத்திலிருந்து விலக்கிக்கொண்டார்கள். எவ்வளவு எடுத்துச் சொல்லியும் இசையவில்லை. நாரதராக நடிக்கவிருந்த சிறுமி அவள், நன்றாகப் பாடுவாள். அவள் இடத்தில் வேறொரு பிள்ளை நடித்தான். விழா நாளில் அவள் பார்வையாளர் வரிசையில் அமர்ந்து, ஒவ்வொரு வசனத்துக்கும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். அந்தக் குறை எங்களுக்கு இன்றும் உண்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுருசியாக நடித்த பெண்ணை வகுப்புத் தோழர்கள் 'சித்தி, சித்தி' என்று கேலி செய்து வந்தார்கள். அவள் ஒருநாள் அழுதுவிட்டாள். பாகவதத்தில் அதற்கும் மருந்து இருந்தது. தவம் முடித்துத் துருவன் ஊர் திரும்பும்போது சுருசியின் காலில் விழுந்து வணங்குகிறான். அவள் பிள்ளையை எடுத்தணைத்து, தழுதழுத்த குரலில் நீடூழி வாழ்க என்று வாழ்த்துகிறாள். நேரம் போதாது என்று விட்டிருந்த அந்தக் காட்சியை ஆசிரியை மீண்டும் சேர்த்தார். அதன்பின் கேலி நின்றது. பொல்லாதவர்களாக நடிக்கும் பிள்ளைகளை அந்தப் பெயரோடு வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது என்பதை நாடகம் பழக்குவோர் மனத்திற்கொள்வது நல்லது.

நாடகம் நடந்தது. சிறுவனின் குரல் வேப்பமரத்தையும் தாண்டிக் கேட்டது. இறைவன் தோன்றும் காட்சியில், மகாவிஷ்ணுவாக வந்த சிறுமி சங்கினால் அவன் கன்னத்தைத் தொட்டாள். வசனம் வரவேண்டிய இடத்தில் பிள்ளை விழித்தான். முதல் சொல் மறந்துவிட்டது. திரைக்குப் பின்னால் ஆசிரியை வாய் திறப்பதற்குள், மகாவிஷ்ணுவே குனிந்து அந்தச் சொல்லை மெல்லச் சொன்னார். மைக்கில் அது எல்லோருக்கும் கேட்டுவிட்டது. கூட்டம் மகிழ்ந்து சிரித்தது, பிள்ளையும் சிரித்தான், பிறகு தடையின்றிச் சொல்லி முடித்தான். பதிவு செய்த குரலாயிருந்தால் இப்படி நேர்ந்திருக்காது. ஆனால் பாகவதத்தில் பெருமான் செய்ததைத்தானே அந்தச் சிறுமியும் செய்தாள்?

வாசக அன்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். உங்கள் பேரன் பேத்தியர் படிக்கும் பள்ளியிலும் ஆண்டு விழா வரும். அதற்குச் சில வாரங்கள் முன்னரே சென்று, என்ன நாடகம் என்று கேளுங்கள். கதையைப் பிள்ளைகளுக்கு முழுமையாகச் சொல்லிக் கொடுங்கள்; வசனம் மட்டும் தெரிந்த பிள்ளைக்கு மறதி வரும், கதை தெரிந்த பிள்ளை எப்படியும் சமாளித்துவிடும். குரல் பழக ஒரு மரத்தடியில் நாற்காலி போட்டு உட்காருங்கள். பெட்டியில் உறங்கும் பட்டை எடுத்துக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தப் பிள்ளையாவது திடீரென்று ஒத்திகைக்கு வராமல் நின்றால், ஏன் என்று விசாரியுங்கள். அந்தப் பிள்ளையைக் கேட்க வேண்டாம். பிள்ளைகள் வயிற்றுவலி என்றுதான் சொல்லும். ஆசிரியரிடம் தனியே கேளுங்கள். காரணம் பணமென்றால், அந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் உதவாமல், எல்லாப் பிள்ளைகளுக்கும் செலவே இல்லாத வழியைத் தேடுங்கள்.

நாம் கோயிலில் அன்னதானத்துக்குக் கொடுக்கிறோம், திருப்பணிக்குக் கொடுக்கிறோம். பந்தியில் அமர்பவரிடம் நீ யார், எவ்வளவு தந்தாய் என்று எவரும் கேட்பதில்லை. பிள்ளைகள் இறைவன் கதையை நடிக்கும் மேடையும் அப்படிப்பட்ட பந்தியே. அதில் எந்தப் பிள்ளைக்கும் இலை இல்லையென்று ஆகாதிருக்கத் துருவனுக்கு அருளிய பெருமான் துணைநிற்பாராக.